வெட்டுப்பட்ட நிமிடங்கள்: சீனச் சரித்திரப் படங்களும் வீட்டு வீடியோவும்

1

ஒரு சொல்லில்தான் சண்டை ஆரம்பித்தது. ஜாங் யிமோவின் ‘ஹீரோ’ (2002) படத்தைப் பற்றி நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். என்னைவிட வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் கட்சி வகுப்புகளில் சீனப் புரட்சியைப் பாடமாக எடுத்தவர். ‘அது சுத்தமான தேசியவாதப் படம் தோழர். எங்கள் நாடு, எங்கள் நாடு என்று சொல்லியே கொலைகாரனை மன்னித்துவிடுகிறார்கள்’ என்றார். நான் பார்த்த படத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. ‘எங்கள் நாடு என்று யாரும் சொல்லவில்லையே, வானத்தின் கீழுள்ள அனைத்தும் என்றல்லவா வருகிறது? அது தேசத்தைப் பற்றிய பேச்சு இல்லை, பேரரசைப் பற்றிய பேச்சு’ என்றேன். அரைமணி நேரம் கத்தினோம். கடைசியில் அவர் அலமாரியைக் குடைந்து தன்னுடைய டிவிடியை எடுத்துப் போட்டார். மறுநாள் நான் என்னுடையதைக் கொண்டுபோனேன். பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரி.

படத்தில் ‘உடைந்த வாள்’ என்கிற பாத்திரம் மணலில் இரண்டு சீன எழுத்துகளை எழுதிக் காட்டுகிறது. ‘தியென்-சியா’. நேரடியாகச் சொன்னால் ‘வானத்தின் கீழ்’. 2004இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போன பிரதியில் இதை ‘எங்கள் நாடு’ என்று மொழிபெயர்த்துவிட்டார்கள். வேறு இடங்களில் வந்த பிரதிகளில் ‘வானத்தின் கீழுள்ள அனைத்தும்’ என்று இருந்தது. தோழரிடம் இருந்தது அமெரிக்கப் பிரதியின் வழிவந்தது. என்னிடம் இருந்தது வேறு. இரண்டுமே பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாங்கியவை. ஒரே அட்டைப்படம், ஒரே விலை. நாங்கள் இரண்டு பேரும் சீன மொழி தெரியாமல், அடிவரி எழுதியவனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு அரசியல் தீர்ப்பை எழுதி வைத்திருந்தோம்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது பழகிய விஷயமாக இருந்திருக்க வேண்டும். சுவடிக்குச் சுவடி பாடம் மாறும் என்பது முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவது. அடிக்குறிப்பில் வருகிற பாடபேதங்களைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் எந்தக் கை மாற்றியது, யாருக்காக மாற்றியது, மாற்றத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பழகவில்லை. இந்தக் கேள்வியைச் சினிமாவிடம் கேட்பதற்குச் சீனச் சரித்திரப் படங்களைப் போல வசதியான இடம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றை வீட்டில் வீடியோவில் பார்க்கிறவன் முன்னால் இருப்பது ஒரே படம் அல்ல. பல பாடங்கள். அந்தப் பாடங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில்தான், படம் சொல்கிற சரித்திரத்தைவிட முக்கியமான ஒரு சரித்திரம் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதை விளக்குகிற முயற்சி.

2

முதலில் இந்தப் படங்கள் எப்படி உருவாயின, எப்படி வீட்டுக்குள் வந்தன என்பதைப் பார்த்துவிடலாம்.

கலாச்சாரப் புரட்சிக்குப் பிறகு பெய்ஜிங் திரைப்படக் கல்லூரி 1978இல் மறுபடி மாணவர்களைச் சேர்த்தது. 1982இல் படிப்பை முடித்து வெளியே வந்த அந்த வகுப்பைத்தான் ‘ஐந்தாம் தலைமுறை’ என்கிறார்கள். சென் காய்கே, ஜாங் யிமோ, தியான் சுவாங்சுவாங் எல்லோரும் அந்த வகுப்பு. பதின்வயதைக் கலாச்சாரப் புரட்சிக்குள் கழித்தவர்கள். சென் காய்கே சினிமா இயக்குநரான தன் சொந்தத் தகப்பனாரையே பலர் முன்னிலையில் கண்டித்துப் பேசியவர். பிற்பாடு அந்த வெட்கத்தைப் பற்றி அவரே பேசியிருக்கிறார்.

இவர்கள் பெரும்பாலும் கடந்த காலத்தையே எடுத்தார்கள். ‘யெல்லோ எர்த்’ (1984) 1939இல் நடக்கிறது. ‘ஜூ டோ’ (1990), ‘ரெய்ஸ் தி ரெட் லேண்டர்ன்’ (1991) இரண்டும் 1920களில். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். நேற்றைப் பற்றிப் பேசினால் இன்றைப் பற்றிப் பேசியதாகக் குற்றம் சாட்டலாம், நிரூபிப்பது சிரமம். கிழட்டு முதலாளி, அவன் சொன்னதுதான் சட்டம் என்கிற வீடு, வெளியே போக வழியில்லாத பெண் என்று திரையில் வந்தால், 1989 ஜூனுக்குப் பிறகு பெய்ஜிங்கில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எந்த வீடு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘ஜூ டோ’வுக்கும் ‘ரெட் லேண்டர்’னுக்கும் உள்ளூரில் அனுமதி கிடைத்தது 1992இல்தான்.

பணம் வந்த வழியும் முக்கியம். ‘ஜூ டோ’வுக்கு ஜப்பானியப் பணம். ‘ரெட் லேண்டர்’னுக்குத் தைவான் இயக்குநர் ஹூ சியாவ்-சியென் நிர்வாகத் தயாரிப்பாளர். ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’ (1993) தைவானைச் சேர்ந்த சூ ஃபெங்கின் தயாரிப்பு. எனவே பெய்ஜிங் தடுத்தாலும் படம் பூட்டிய அறையில் கிடந்து மக்கிப்போகவில்லை. வெளியே திரையிட்டார்கள், வெளியே வீடியோவாகப் போட்டார்கள். வெளியே போன படம் பிறகு உள்ளே திரும்பி வந்தது. எந்தக் கதவு வழியாக என்பதுதான் கேள்வி.

அந்தக் கதவு விசிடி. இதற்கான பொதுத் தரத்தைப் பெரிய கம்பெனிகள் சேர்ந்து 1993இல் அறிவித்தன. அதே வருஷம் ஆன்ஹுய் மாகாணத்தின் ஹெஃபெய் நகரில் ‘வான்யான்’ என்ற கம்பெனி விசிடி பிளேயரைத் தயாரித்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்தப் பொருளைக் கண்டுகொள்ளவில்லை. அங்கே கேசட்டிலிருந்து நேராக டிவிடிக்குத் தாவினார்கள். ஆசியாவில் நடந்தது வேறு. கேசட் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பிரதி எடுக்க எடுக்க மங்கிக்கொண்டே போகும். விசிடி மங்காது. அச்சடிக்கச் செலவும் குறைவு. தரம் மட்டம்தான்: 352க்கு 288 புள்ளிகள், ஒரு தட்டில் 74 நிமிடம். ஆனால் ஏழை நாடுகளுக்கு அது போதும். நம் ஊரிலும் அதுதானே நடந்தது? ‘திருட்டு விசிடி’ என்ற சொல்லே அந்தக் காலத்தின் கொடைதான்.

அதற்கு முன்பே சீனச் சிறு நகரங்களில் ‘வீடியோ கூடங்கள்’ இருந்தன. ஒரு அறை, ஒரு டிவி, ஒரு டெக், நாலைந்து பெஞ்சு. விசிடி அந்தக் கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது. அனுமதி மறுக்கப்பட்ட படங்கள் இந்த வழியாகவே உள்ளூர் மனிதரைச் சென்றடைந்தன. ஜாங் யிமோவின் ‘டு லிவ்’ (1994) சீனாவில் தடை செய்யப்பட்ட படம். ஆனால் வீடியோவில் பரவலாகப் பார்க்கப்பட்டது. ஜியா ஜாங்கேயின் ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ (2002) படத்தில் ஒரு காட்சி உண்டு. தெருவில் திருட்டுத் தட்டு விற்கிற பையனிடம் ஒருவன் வந்து ‘சியாவ் வூ’ இருக்கிறதா, ‘பிளாட்ஃபார்ம்’ இருக்கிறதா என்று கேட்கிறான். இரண்டும் ஜியாவே எடுத்த, உள்ளூரில் வெளியாகாத படங்கள். பையனிடம் இல்லை. சிரிப்பு வருகிற காட்சி. ஒரு நாட்டின் கலைஞன் தன் மக்களைச் சந்திக்கிற இடம் நடைபாதைத் தட்டுக்கடை என்றும், அங்கேகூட அவன் கிடைக்கவில்லை என்றும் சொல்கிற காட்சி.

3

இப்போது ‘ஃபேர்வெல் மை கான்குபைன்’. பீக்கிங் ஓபரா நடிகர்கள் இருவரின் கதை, 1924இலிருந்து 1977 வரை. அரசனாக நடிப்பவன் துவான் சியாவ்லூ. அவனுடைய பிரிய நாயகியாகப் பெண் வேடம் கட்டுகிறவன் செங் தியேயி. சண்டைத் தலைவர்கள், ஜப்பானியர், கோமிண்டாங், கம்யூனிஸ்டுகள், செங்காவலர்கள் என்று முன்வரிசையில் உட்காருகிற ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மேடையில் அதே நாடகம்.

இந்தப் படத்துக்கு எத்தனை பாடங்கள் என்று எண்ணிப் பாருங்கள். கான் விழாவில் 1993இல் தங்கப்பனை வாங்கிய படம் 171 நிமிடம். அமெரிக்க விநியோகஸ்தர் திரையரங்குக்காக வெட்டியது 157 நிமிடம். அங்கே பார்வையாளனுக்குப் பொறுமை இருக்காது என்று முடிவு செய்தது சந்தை. சீனாவில் படம் வெளியாகி, திரும்பப் பெறப்பட்டு, மறுபடி வெட்டுகளோடு வந்தது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை பெய்ஜிங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது, வெளியுலகக் கூச்சலுக்கு மதிப்பிருந்தது. கலாச்சாரப் புரட்சிப் பகுதி, ஆண்மீது ஆணுக்குள்ள காதல், கடைசித் தற்கொலை ஆகிய இடங்களில் கை வைத்தார்கள். பிறகு டிவிடியில் 171 நிமிடமும் திரும்பி வந்தது.

படத்துக்கு மூலமான ஹாங்காங் எழுத்தாளர் லிலியன் லீயின் நாவலையும் சேர்த்தால் இன்னொரு பாடம். நாவலில் தியேயி சாகவில்லை. வயதான காலத்தில் இருவரும் ஹாங்காங்கில் சந்திக்கிறார்கள். சென் காய்கே அவனை மேடையிலேயே, நிஜ வாளால், சாகவிட்டார். படத்துக்குப் பிறகு லிலியன் லீ தன் நாவலைத் திருத்தி விரித்து எழுதினார். மூலம் எது, வழி எது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாதபடி ஒன்றையொன்று திருத்திக்கொண்ட பிரதிகள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு வெட்டிய இடமும் சந்தை வெட்டிய இடமும் ஒன்றல்ல. அரசு வெட்டியது தனக்கு வலித்த இடத்தை. சந்தை வெட்டியது தனக்கு அலுத்த இடத்தை. நம்மவர்கள் முதல் கத்தரியை மட்டும்தான் தணிக்கை என்பார்கள். இரண்டாவதற்கு ‘எடிட்டிங்’ என்று பெயர். கத்தரி பிடித்த கைக்கு யூனிஃபார்ம் இல்லை என்பதற்காக அதைக் கத்தரியே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

இந்தப் படத்துக்குள்ளேயே பாடபேதம் ஒரு நிகழ்ச்சியாக வருகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சிறுவன் தியேயிக்கு ஓபராவில் ஒரு வரி வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. பிறவியில் தான் பெண் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பிறவியில் ஆண் என்றே ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறான். வாத்தியார் அடிக்கிறார். கடைசியில் சியாவ்லூவே புகைக் குழாயை அவன் வாய்க்குள் விட்டுக் குத்துகிறான். வாயில் ரத்தம் வழிய, வரியைச் ‘சரியாக’ச் சொல்கிறான் பையன். அதற்கப்புறம்தான் அவன் நடிகன். பிழையான பாடம் எது, திருத்தப்பட்ட பாடம் எது? அந்தப் பிள்ளையின் உடம்பு சொன்னதுதானே அந்தப் பிழை? படத்தின் கடைசியில், ஐம்பது வருஷம் கழித்து, அதே பிழை மறுபடி அவன் வாயில் வருகிறது. உடனே சாவும் வருகிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தட்டிலிருந்த அந்தக் காட்சியையும் கடைசித் தட்டிலிருக்கும் இந்தக் காட்சியையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்கு இது தட்டுப்பட்டது. அரங்கில் பார்த்திருந்தால் அழுதுவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

4

அடுத்தது நமக்குக் கொஞ்சம் கசப்பான இடம். இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பலர் சீனாவைச் சிவப்பு அட்டைப் புத்தகங்கள் வழியாக அறிந்தவர்கள். நானும் அண்ணன்மார் வைத்துவிட்டுப் போன அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான் வளர்ந்தேன். ‘தி ப்ளூ கைட்’ (1993) பார்க்கிறபோது கை தானாக ரிமோட்டைத் தேடுகிறது, நிறுத்திவிடலாமா என்று.

தியான் சுவாங்சுவாங் எடுத்த படம். 1953இல் ஸ்டாலின் மரணத்துக்காக ஒரு கல்யாணம் தள்ளிப்போவதில் ஆரம்பித்து, 1967இல் செங்காவலர்கள் வந்து நிற்பதில் முடிகிறது. சொல்கிறவன் தியேதோ என்கிற சிறுவன். அவனுடைய அம்மாவுக்கு அடுத்தடுத்து மூன்று கணவர்கள். மூவரையும் மூன்று அரசியல் இயக்கங்கள் எடுத்துக்கொள்கின்றன. 1957 வலதுசாரி எதிர்ப்பு இயக்கத்தின்போது நூலகத்தில் ஒரு கூட்டம். இத்தனை வலதுசாரிகளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று மேலிருந்து ஒரு கணக்கு. ஓர் ஆள் குறைகிறது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிறுவனின் அப்பா கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறார். கதவைத் திறந்தால் அறையே அவரைப் பார்க்கிறது. அவ்வளவுதான். ஒரு வசனம்கூட வேண்டியிருக்கவில்லை.

‘இதெல்லாம் மேற்கத்திய விழாக்களுக்காக எடுத்தது தோழர்’ என்று அதே நண்பர் சொன்னார். இந்த வாதத்தைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ‘ரெட் லேண்டர்’னில் முதலாளி எந்த மனைவியோடு படுக்கிறானோ அவள் முற்றத்தில் சிவப்பு விளக்குகள் ஏற்றுகிற சடங்கு இருக்கிறதே, அது மூலமான சூ டாங்கின் குறுநாவலில் கிடையாது. ஜாங் யிமோ உண்டாக்கியது. பெய்ஜிங் பத்திரிகையாளர் தாய் சிங் இந்தப் பொய்ச்சடங்குகளைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார், அந்நியனின் கண்ணுக்காகச் செய்த சீனா என்று. தாய் சிங் அரசின் ஆள் அல்ல, 1989க்குப் பிறகு சிறையிலிருந்தவர். படம் எடுக்கப்பட்ட ஷான்சி மாகாணத்துச் சியாவ் குடும்பத்து மாளிகை இன்று ஒரு சுற்றுலாத் தலம். ‘இது அவர்கள் வழக்கம்’ என்று நம்பிக்கொண்டு தட்டைத் திரும்ப உறையில் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்த மட்டும் நண்பர் சொல்வது சரி.

ஆனால் ‘ப்ளூ கைட்’டுக்கு இந்த வாதம் பொருந்தாது. அதில் சிவப்பு விளக்கு இல்லை, பட்டுத்துணி இல்லை. ஒரு பொது முற்றம், ரேஷன் தானியம், கூட்டம், மறுபடி கூட்டம். படப்பிடிப்பு முடிந்தபின் சீனாவில் வேலையைத் தொடர விடாததால் மீதி வேலைகள் ஜப்பானில் நடந்தன. தியான் எழுதிக்கொடுத்த குறிப்புகளை வைத்து அவர் இல்லாமலே முடித்தார்கள். டோக்கியோ விழாவில் அது திரையிடப்பட்டபோது சீன அதிகாரபூர்வக் குழு வெளியேறியது. தியானின் அடுத்த கதைப்படம் 2002இல்தான் வந்தது. விழா வாசனைக்காக ஒருவர் கொடுக்கிற விலை ஒன்பது வருஷம் என்றால் நம்புவது கஷ்டம்.

‘டு லிவ்’ இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. யூ ஹுவாவின் நாவலில் கிழவன் ஃபூகுய் கடைசியில் தனியாக மிஞ்சுகிறான், கூட ஒரு மாடு மட்டும். ஜாங் யிமோ படத்தில் மனைவியையும் மருமகனையும் பேரனையும் உயிரோடு விட்டுவைத்தார். நாவலில் இல்லாத பாவைநிழல் கூத்தையும் கொண்டுவந்தார். கருணையாகக்கூட இருக்கலாம். அப்படிக் கருணை காட்டியும் படம் தடையாயிற்று. இந்தப் படத்தில் ஓர் அப்பா தன் மகனுக்குச் சொல்கிற சின்னக் கதை ஒன்று உண்டு. கோழி வளர்ந்து வாத்தாகும், வாத்து ஆடாகும், ஆடு மாடாகும். மாட்டுக்குப் பிறகு? கம்யூனிசம் வரும். அந்த மகன் மகா முன்பாய்ச்சல் காலத்தில், தூக்கக் கலக்கத்தில், சுவர் இடிந்து சாகிறான். பல வருஷம் கழித்துப் பேரன் அதே கேள்வியைக் கேட்கிறான், மாட்டுக்குப் பிறகு என்ன? கிழவனின் வாயில் அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. நீ பெரியவனாகிவிடுவாய் என்று கதை முடிந்துவிடுகிறது.

ஒரு சொல் விடுபட்ட இந்தப் பாடம்தான் படம். விடுபட்ட சொல்லை நாம் எப்படி வாசிக்கப் போகிறோம்? கம்யூனிசத்தைக் கேலி செய்கிறான் என்று ஒரு தரப்பு. கேலி செய்யாமல் விட்டான் என்று இன்னொரு தரப்பு. எனக்குப் படுவது வேறு. அந்தச் சொல்லை நம்பிய மனிதனிடமிருந்து அதைப் பிடுங்கியது யார் என்று படம் கேட்கிறது. பிரசவத்தில் மகளுக்கு ரத்தம் நிற்காமல் போகிற காட்சியில், ஆஸ்பத்திரியை மாணவிகள் கைப்பற்றியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்த டாக்டரோ பட்டினியில் இழுத்துவரப்பட்டு, ஒரேயடியாக ரொட்டிகளைத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடக்கிறார். பட்டினி போட்டதும் கட்சிதான், ரொட்டி வாங்கிக்கொடுத்த ஏழைக் குடும்பமும் கட்சியை நம்பியதுதான். இதைப் பார்க்க மறுத்துவிட்டு நாம் பேசுகிற சோஷலிசத்தால் யாருக்குப் பிரயோஜனம்?

5

வீட்டு வீடியோ என்றாலே அதிகாரத்துக்கு எதிரானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ‘ஹீரோ’வுக்குத் திரும்ப வருகிறேன்.

சின் நாட்டு அரசன் கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கி முதல் பேரரசனானான். அதற்கு முன் கி.மு. 227இல் ஜிங் கே என்பவன் அவனைக் கொல்லப் போனான். சுருட்டிய வரைபடத்துக்குள் குறுவாளை ஒளித்துக்கொண்டு போய், தூணைச் சுற்றித் துரத்தி, தோற்று, செத்தான். இதை எழுதிவைத்த சிமா சியான், தோற்ற தளபதி ஒருவனுக்காகப் பரிந்து பேசியதற்காக ஹான் பேரரசனால் காயடிக்கப்பட்டவர். அரசன் தரும் தண்டனை எப்படியிருக்கும் என்பதை உடம்பில் அறிந்த எழுத்து அது.

இந்த அரசனைப் பற்றி ஆறு வருஷங்களுக்குள் மூன்று பெரிய படங்கள் வந்தன. சௌ சியாவ்வென்னின் ‘தி எம்பரர்ஸ் ஷேடோ’ (1996), சென் காய்கேயின் ‘தி எம்பரர் அண்ட் தி அஸாஸின்’ (1998), பிறகு ‘ஹீரோ’. மூன்றையும் அடுத்தடுத்த இரவுகளில் போட்டுப் பார்த்தேன். சென் காய்கே படத்தில் வெல்லப்பட்ட நாட்டின் குழந்தைகள் சாகிறார்கள். அரசனை நேசித்த பெண் அதைப் பார்த்துவிட்டு அவனை விட்டுப் போகிறாள். ‘ஹீரோ’வில் பெயரில்லாதவன் அரசனுக்குப் பத்தடி தூரத்தில் போய் உட்காருகிறான். கொல்ல முடியும். கொல்லவில்லை. நாடுகள் ஒன்றாவதற்கு இந்த அரசன் தேவை என்று தானே ஏற்றுக்கொண்டு சாவை நோக்கி நடக்கிறான். சிமா சியானிடம் தோல்வியாக இருந்தது ஜாங் யிமோவிடம் சம்மதமாக மாறிவிடுகிறது. இந்தப் பாடபேதம் அடிவரியில் இல்லை, கதையின் எலும்பில் இருக்கிறது. கடைசியில் அம்புகள் தைத்துக் கறுத்த மதிலில் ஆள் வடிவத்தில் ஒரு வெற்றிடம். உடம்பைக்கூடக் காட்டுவதில்லை. அழகு உடம்பை விழுங்கிவிட்டது.

இந்தப் படம் பெய்ஜிங்கின் மக்கள் மாமண்டபத்தில் முதல்காட்சி கண்டது. அதன் உள்நாட்டு விசிடி, டிவிடி உரிமை 1 கோடியே 78 லட்சம் யுவானுக்கு ஏலம் போனது. முன்னோட்டக் காட்சிக்கு வந்தவர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது, எவனும் திருட்டுத்தனமாகப் படம் பிடித்துவிடக் கூடாது என்று. ‘டு லிவ்’ எடுத்த அதே ஆள். அந்தப் படத்தை மக்களிடம் கொண்டுசேர்த்த அதே திருட்டுத் தட்டிடமிருந்து இந்தப் படத்தைக் காக்க இத்தனை காவல். 2008 ஒலிம்பிக் தொடக்க விழாவை இயக்கியதும் அவர்தான். நம் ஊரில் 2004இல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எந்தப் படம் என்று சட்டத்துக்குக் கவலையில்லை, ‘ஹீரோ’ என்றாலும் ‘ப்ளூ கைட்’ என்றாலும் ஒரே குற்றம்.

வீட்டில் பார்ப்பதால் வருகிற நஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘யெல்லோ எர்த்’தில் திரை முழுக்க மஞ்சள் மண், மேல் விளிம்பில் எறும்பு மாதிரி மனிதர்கள். மண்ணின் முன்னால் மனிதன் எவ்வளவு சின்னவன் என்பதுதான் அந்தக் காட்சியின் வாதம். பதினான்கு அங்குல டிவியில், விசிடியில், அந்த மனிதன் ஒரு புள்ளியாகக்கூட மிஞ்சவில்லை. வாதமே காணாமல்போயிற்று. தவிர, முந்நூறு பேர் சேர்ந்து மௌனமாவது என்று ஒன்று உண்டு. அது வீட்டில் கிடையாது. டீ குடித்துக்கொண்டே பஞ்சம் பார்க்கலாம். போன் வந்தால் சாவை நிறுத்திவைக்கலாம். நிறுத்தி ஓட்டிப் பார்க்கிற வசதிக்கு நாம் கொடுக்கிற விலை இது.

6

தட்டுகளின் காலமும் போய்விட்டது. இப்போது படம் நம் அலமாரியில் இல்லை. எங்கோ ஒரு கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது, அங்கிருந்து ஓடுகிறது. 2022 ஜனவரியில் சீனாவின் டென்சென்ட் வீடியோ தளத்தில் ‘ஃபைட் கிளப்’ என்ற அமெரிக்கப் படத்தின் முடிவை எடுத்துவிட்டு, போலீஸ் சதியைக் கண்டுபிடித்துக் குற்றவாளிகளைப் பிடித்துவிட்டது என்கிற மாதிரி நாலு வரி எழுத்தைப் போட்டார்கள். கூச்சல் எழுந்ததும் அடுத்த மாதம் பெரும்பகுதியைத் திருப்பி வைத்தார்கள். எல்லோரும் கவனித்தது ஏன்? பழைய தட்டு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இது அதுவல்ல என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பாடம் இருந்தது. தட்டாகவே வராத, கிடங்கில் மட்டும் இருக்கிற ஒரு படத்தை நாளைக்கு மாற்றினால் யாருக்குத் தெரியும்?

ஜாங் யிமோவின் ‘ஒன் செகண்ட்’ இதற்கு உதாரணம். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் உழைப்பு முகாமிலிருந்து தப்பிய ஒருவன், ஒரு செய்திப்பட ரீலைத் தேடி ஊர் ஊராக ஓடுகிறான். அதில் அவனுடைய மகள் ஒரு நொடி வருகிறாள். அந்த ஒரு நொடி போதும் அவனுக்கு. ரீல் மண்ணில் புரண்டு பாழாகிறது. ஊரே சேர்ந்து அதைத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறது. 2019 பெர்லின் விழாவில் காட்டப்படவிருந்த இந்தப் படத்தைத் ‘தொழில்நுட்பக் காரணம்’ என்று சொல்லிக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். சில காட்சிகளை மறுபடி எடுத்து 2020இல் வெளியிட்டார்கள். பெர்லினுக்குப் போகவிருந்த பாடத்தை நாம் யாரும் பார்க்கவில்லை. நடைபாதையில் அது கிடைக்கவும் இல்லை. கேட்டிருந்தால், ஜியா படத்துப் பையன் மாதிரி, இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சுவடியைக் கரையானிடமிருந்து காப்பாற்றிய கதைகளைச் சொல்லிப் பெருமைப்படுகிற மரபு நம்முடையது. அலமாரியில் கீறல் விழுந்து கிடக்கிற அந்தத் தட்டுகளையும் அந்த வரிசையில் வைத்து யோசிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை நிமிடம், அடிவரி யாருடையது, எந்த வருஷம் என்று உறையின்மேல் எழுதிவையுங்கள். அடுத்த முறை ஒரு படத்தைப் புரட்சிகரம் என்றோ பிற்போக்கு என்றோ தீர்ப்பெழுதுவதற்கு முன்னால், உங்களிடம் இருப்பது எந்தப் பாடம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோழரும் நானும் இப்போது அப்படித்தான் பேச ஆரம்பிக்கிறோம். சண்டை நின்றபாடில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம்.